தௌபீக் ஹிதாயத்: பூப்பந்துக் கோர்ட்டில் இருந்து அமைச்சு வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் பின்னேரங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூப்பந்து பழக்கும்போது, தண்ணீர் குடிக்கும் இடைவெளியில் ஒரு பெயர் அடிக்கடி வரும். யூடியூப்பில் பழைய ஆட்டங்களைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். கூட்டிப் போக வந்து மோட்டார் சைக்கிளில் காத்திருக்கும் பெற்றோர் கேட்பது வேறு மாதிரி: "விளையாடினவர் மந்திரியாகிட்டாராமே?" இரண்டு பக்கத்துக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

தௌபீக் யார்? நம்மட காத்தான்குடி ஆளா சேர்?

பெயரைக் கேட்டால் அப்படித்தான் தோன்றும். ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் ஒரு வகுப்பில் இரண்டு தௌபீக்காவது இருப்பார்கள். இவர் இந்தோனேசியாக்காரர். 2004இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒற்றையர் தங்கம், 2005இல் உலக சாம்பியன், 2002இலும் 2006இலும் ஆசிய விளையாட்டுத் தங்கம். 2024 ஒக்டோபரில் இருந்து அந்த நாட்டின் இளைஞர், விளையாட்டுத்துறைப் பிரதி அமைச்சர்.

எங்கே பிறந்தார்? யார் பழக்கினார்?

1981 ஓகஸ்ட் 10ஆம் திகதி மேற்கு ஜாவாவின் பண்டுங்கில் பிறந்தார். வளர்ந்தது பங்கலெங்கான். தேயிலைத் தோட்டமும் குளிரும் உள்ள மலைப்பக்கம், நம்முடைய நுவரெலியாவை நினைத்துக்கொள்ளலாம். பண்டுங் நகரில் ஈயே சுமிராத் என்ற பழைய வீரரின் கழகத்தில் சேர்ந்துதான் ஆட்டம் கற்றார். சுமிராத் தன் காலத்தில் சீனாவின் பெரிய வீரர்களையே திணறடித்தவர். கையில் வித்தை காட்டும் ஆட்டம் அவருடையது. தௌபீக்கின் மணிக்கட்டைப் பார்க்கும்போது குருவின் சாயல் தெரியும்.

இந்தோனேசியாவில் பூப்பந்து என்றால் இலங்கையில் கிரிக்கெட் மாதிரி. ரூடி ஹார்டோனோ, பூப்பந்தின் மிகப் பழைய பெரிய போட்டியான ஒல் இங்கிலண்ட் பட்டத்தை 8 தடவை வென்றார். 1992 பார்சிலோனாவில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கங்கள் இரண்டும் (சூசி சுசாந்தி, அலன் புடிகுசுமா) பூப்பந்தில்தான். அன்றிலிருந்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவர் ஏறும் போட்டியும் பாரம் தூக்கலும் தங்கம் கொண்டு வரும் வரை, அவர்களின் ஒலிம்பிக் தங்கம் ஒவ்வொன்றும் பூப்பந்தில் வந்ததே. அந்த நாட்டில் ஒரு பூப்பந்து வீரனுக்கு என்ன மரியாதை, தோற்றால் என்ன ஏச்சு என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சின்ன வயதிலேயே பெரிய ஆளா?

ஆம். 17 வயதில் 1999 ஒல் இங்கிலண்ட் இறுதிப்போட்டிக்கு வந்து டென்மார்க்கின் பீட்டர் கேட்டிடம் மூன்று செட்டில் தோற்றார். அதே ஆண்டு சொந்த நாட்டின் இந்தோனேசிய ஓப்பனை வென்றார். அந்தப் பட்டத்தை மொத்தம் 6 முறை எடுத்தார். 2000இலும் 2002இலும் தோமஸ் கிண்ணம் (ஆண்கள் அணிகளுக்கான உலகப் போட்டி) வென்ற அணியில் இருந்தார். 2000இல் உலகத் தரவரிசையில் முதலிடம்.

பிறகு 2000 சிட்னி ஒலிம்பிக்கில் ஏன் தோற்றார்?

முதலிடத்தில் இருந்த பையன், வயது 19, நாடு முழுக்க எதிர்பார்ப்பு. காலிறுதியில் சீனாவின் ஜி சின்பெங்கிடம் விழுந்தார். ஜி சின்பெங் அப்போது பெரிய பெயர் இல்லை, ஆனால் கடைசியில் தங்கம் அவருக்குத்தான். இதற்குக் காரணம் தேடி நீண்ட கட்டுரை எழுதுவார்கள். என் பார்வையில் எளிது: 19 வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு பாரம் கூடாது.

மறுகா? ஏதென்ஸில் என்ன நடந்த?

2004இல் எல்லாரும் பயந்த ஆள் சீனாவின் லின் டான். அவரை முதல் சுற்றிலேயே சிங்கப்பூரின் ரொனால்ட் சுசிலோ வெளியே அனுப்பினார். கதவு திறந்தது. ஆனால் திறந்த கதவால் நடந்து போவதும் சுலபமில்லை. காலிறுதியில் பீட்டர் கேட்டை 15-12, 15-12 என்று வென்றார். அரையிறுதியில் தாய்லாந்தின் பூன்சக் பொன்சானா. இறுதியில் கொரியாவின் ஷொன் சியுங்-மோவை 15-8, 15-7. அந்த ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இது. அவர்களின் சுதந்திர தினம் ஓகஸ்ட் 17. அது கழிந்து சில நாட்களில் வந்த வெற்றி என்பதால் நாட்டில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு அமெரிக்காவின் அனஹைமில் உலக சாம்பியன்ஷிப் இறுதி. எதிரே லின் டான். 15-3, 15-7. "லின் டான் இல்லாததால்தான் தங்கம்" என்று பேசியவர்களுக்கு அந்த ஸ்கோர் போதும். ஒலிம்பிக் பட்டத்தையும் உலகப் பட்டத்தையும் ஒரே நேரத்தில் கையில் வைத்திருந்த முதல் ஆண்கள் ஒற்றையர் வீரர் அவர்தான்.

அவருடைய பேர்போன பின்கை (பேக்ஹாண்ட்) அடியில் அப்படி என்ன இருக்கிறது?

இதற்கு ஒல்லுப்போல நேரம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சாதாரணமாக, வலக்கை ஆட்டக்காரரின் இடது பின்மூலைக்கு உயரமாக ஒரு ஷட்டிலை (பூப்பந்தை) தள்ளினால் நமக்குக் கொஞ்சம் ஓய்வு. அவர் முதுகைக் காட்டி, பின்கையால் எப்படியாவது திருப்பி அனுப்புவார். அது பலமில்லாமல் நடுவில் வந்து விழும். நாம் அடிப்போம். எல்லாப் பயிற்றுவிப்பாளரும் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் தந்திரம் இது.

தௌபீக்கிடம் அது பலிக்கவில்லை. அந்த மூலையில் இருந்து, முதுகைக் காட்டியபடியே, பின்கையால் ஸ்மாஷ் (மேலிருந்து கீழே வேகமாக இறக்கும் அடி) அடித்தார். எதிரி "இப்போ மூச்சு விடலாம்" என்று நினைக்கும் கணத்தில் ஷட்டில் தரையில் கிடக்கும்.

மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ரக்கெட்டை அவர் இறுக்கிப் பிடித்திருக்க மாட்டார். பெருவிரல் கைபிடியின் மேல் சாய்ந்திருக்கும், மற்ற விரல்கள் தளர்வாக. முழங்கை முதலில் மேலே போகும், முன்கை அதன் பின்னால் சுழலும், ஷட்டிலைத் தொடும் நொடியில் மட்டும் விரல்கள் இறுகும். அடித்து முடிந்ததும் கை நின்றுவிடும், பெரிய வீச்சு இல்லை. வலது கால் மூலையைத் தொடுவதும் அடி விழுவதும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நடக்கும். பலம் தோளில் இருந்து வருகிறது என்று நினைத்துத் தோளால் இழுக்கும் பிள்ளைகள்தான் ஒரு கிழமையில் "கை நோகுது" என்று வருவார்கள்.

அவருடைய முன்கை ஸ்மாஷும் சும்மா இல்லை. 2006 உலக சாம்பியன்ஷிப்பில் ஒரு பாய்ச்சல் ஸ்மாஷ் மணிக்கு 305 கிலோமீற்றர் என்று பதிவானது. ஆனால் அதைவிட வேகமாக இன்று பலர் அடிக்கிறார்கள். அந்தப் பின்கையை மட்டும் யாரும் அப்படியே அடிக்கவில்லை.

ஒல் இங்கிலண்ட் வென்றாரா?

இல்லை. 1999, 2000 இரண்டு இறுதிகளிலும் தோல்வி.

அவர் சண்டைக்காரர் என்கிறார்களே?

வாய் சும்மா இருக்காத ஆள் என்பது உண்மை. நாட்டின் பூப்பந்துச் சங்கத்தோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. அவருடைய பயிற்றுவிப்பாளர் முல்யோ ஹண்டோயோ சிங்கப்பூர் போனபோது, இவரும் பின்னாலேயே கிளம்பிப் போனார். பிறகு இருவரும் திரும்பி வந்து, அதே முல்யோவின் கீழ்தான் ஏதென்ஸ் தங்கம் வந்தது. 2009இல் தேசியப் பயிற்சி நிலையத்தை விட்டே விலகித் தனி வீரராக விளையாடினார். தேசிய முகாமுக்குள்ளேயே சாப்பிட்டு உறங்கி வளர்வது வழமையான நாட்டில் அது சின்னத் துணிச்சல் இல்லை.

அந்தச் சங்கத்தின் தலைவர்கள் யார் என்று பார்த்தால் விளங்கும். ஜகார்த்தா ஆளுநராக இருந்த சுதியோசோ, பிறகு இராணுவத் தளபதி ஜோகோ சந்தோசோ, வர்த்தக அமைச்சர் கீத்தா விர்ஜவான், முன்னாள் ஜெனரல் விராந்தோ. தளபதிகளும் அமைச்சர்களும் மாறி மாறி உட்கார்ந்த கதிரை. வீரர்கள் வெளியே நின்று கதவைத் தட்டுபவர்கள். தௌபீக் பின்னாளில் ஏன் அந்த அறைக்குள் போக நினைத்தார் என்பதற்கு நான் இங்கேதான் காரணம் தேடுவேன்.

21 புள்ளி முறை வந்தபோது அவருக்குக் கஷ்டமா இருந்ததா?

2006 வரை சேர்விஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி, 15 வரை ஆட்டம். பிறகு யார் சேர்விஸ் போட்டாலும் ஒவ்வொரு ரலிக்கும் (ஷட்டில் விழும் வரை நடக்கும் அடிகளுக்கும்) புள்ளி, 21 வரை. முதலில் மெதுவாகத் தொடங்கி எதிரியைப் படித்துவிட்டு எழும்பும் ஆட்டக்காரர்களுக்கு இது இடி. தௌபீக் அந்த வகைதான். ஆனாலும் அந்த ஆண்டின் கடைசியில் டோஹா ஆசிய விளையாட்டு இறுதியில் லின் டானை 21-15, 22-20 என்று வென்றார்.

இந்த முறையைக் கொண்டு வரப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர்: மலேசியாவின் பஞ்ச் குணாலன். 1971இல் ஒல் இங்கிலண்ட் இரட்டையர் பட்டம், 1974 பொதுநலவாய விளையாட்டில் ஒற்றையர் தங்கம். விளையாட்டை விட்டபின் உலகச் சங்கத்தின் நிர்வாகத்துக்குப் போனார். கட்சி அரசியல் இல்லாமலே ஒரு ஆட்டத்தின் சட்டத்தை மாற்றியவர். நம் பிள்ளைகளுக்கு இவரைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

எப்போது ஓய்வு பெற்றார்?

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன் டெங்குக் காய்ச்சல் வந்து படுத்தார், முதல் ஆட்டத்திலேயே மலேசியாவின் வொங் சூங் ஹானிடம் தோல்வி. டெங்கு வந்து எழும்பியவனுக்கு மாடிப்படி ஏறுவதே என்ன பாடு என்று மட்டக்களப்பில் விளக்கத் தேவையில்லை. 2010 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப்பில் மீண்டும் இறுதி வரை வந்து சீனாவின் சென் ஜின்னிடம் தோற்றார். 2012 லண்டன் அவருடைய நான்காவது ஒலிம்பிக். லின் டான் வெளியேற்றினார். (அதே லண்டனில்தான் நம் நாட்டின் நிலூக கருணாரத்ன ஜப்பானின் கெனிச்சி தாகோவை வென்றார். அந்த ஆட்டத்தையும் தேடிப் பாருங்கள்.) 2013 யூனில் ஜகார்த்தாவில், சொந்த ரசிகர்கள் முன்னால், இந்தியாவின் இளம் வீரர் சாய் பிரணீத்திடம் முதல் சுற்றில் தோற்று விடைபெற்றார்.

அரசியலுக்கு எப்படிப் போனார்? தங்கம் வென்றதும் கூப்பிட்டார்களா?

இல்லை. தங்கத்துக்கும் பதவிக்கும் நடுவில் 20 வருடம். பெற்றோர் பலர் இதைத்தான் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். பதக்கம் எடுத்தால் போஸ்டரில் முகம் வரும், மறுநாள் கதிரை கிடைக்கும் என்பது கதை.

நடந்தது இப்படி. ஓய்வு பெறும் முன்பே ஜகார்த்தாவில் தன் பெயரில் ஒரு பூப்பந்து அரங்கு கட்டினார். அதன் பின் அரசின் உயர்தர வீரர் பயிற்சித் திட்டத்தில் நிர்வாகப் பொறுப்பு. 2017இல் விளையாட்டு அமைச்சரின் விசேட அலுவலர். பிறகு பிரபோவோ சுபியாந்தோவின் கெரிண்ட்ரா கட்சி. பிரபோவோ 2024 ஒக்டோபர் 20இல் ஜனாதிபதியானார், அடுத்த நாள் பிரதி அமைச்சர்கள் பதவியேற்றார்கள், அதில் தௌபீக்கும் ஒருவர். அமைச்சர்களும் பிரதி அமைச்சர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கொண்ட பெரும் சபை அது என்பதையும் மறக்க வேண்டாம். தங்கம் பெயரைக் கொடுத்தது, கதிரையைக் கொடுத்தது கட்சி.

மாமனாரின் செல்வாக்கு என்கிறார்களே?

2006இல் அவர் மணந்தது அகும் கும்லாரின் மகளை. கும்லார் முன்னாள் ஜெனரல், அமைச்சராக இருந்தவர், 2004இல் உப ஜனாதிபதி வேட்பாளர், நாட்டின் விளையாட்டுக் குழுவுக்கும் உதைபந்தாட்டச் சங்கத்துக்கும் தலைவராக இருந்தவர். அப்படி ஒரு வீட்டுக்குள் போனவருக்கு அரசியல் அந்நியமாக இருக்காது. ஆனால் பின்கை அடியை மாமனார் கொடுக்கவில்லை, கல்யாணத்துக்கு முன்பே ஒலிம்பிக் தங்கமும் உலகப் பட்டமும் வீட்டில் இருந்தன. பதவி விடயத்தில் உறவு எவ்வளவு உதவியது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். நான் பூச்சியம் என்று போட மாட்டேன்.

ஏதோ ஊழல் வழக்கில் பெயர் வந்ததாமே?

வந்தது, சாட்சியாக. விளையாட்டு அமைச்சராக இருந்த இமாம் நஹ்ராவி மீதான வழக்கில், அமைச்சரின் உதவியாளரிடம் நூறு கோடி இந்தோனேசிய ரூபாவைத் தான் கொடுத்ததாக தௌபீக் 2020இல் நீதிமன்றத்தில் சொன்னார். தான் வெறும் இடைக்கை, சொன்னதைச் செய்தேன் என்பது அவர் வாக்குமூலம். அவர் மீது வழக்கு இல்லை. நஹ்ராவிக்கு 7 வருட சிறை.

பிள்ளைகளிடம் இதை மறைக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். சங்கத்தின் பெரியவர்களை எதிர்த்து நாட்டை விட்டே போன அதே மனிதர், பணப்பொதியைக் கொண்டு போய்க் கொடுத்த இடத்தில் "ஏன், எதற்கு" என்று கேட்கவில்லை. இரண்டும் ஒரே ஆள்தான்.

பிரதி அமைச்சராக அவர் தேர்தலில் வென்றிருக்க வேண்டாமா?

அங்கே வேண்டாம். ஜனாதிபதி யாரையும் நியமிக்கலாம், பாராளுமன்ற உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. நம் நாட்டில் அமைச்சரோ பிரதி அமைச்சரோ பாராளுமன்றத்தில் இருந்தே ஆக வேண்டும். 225 பேரில் 196 பேர் மாவட்டங்களில் இருந்து, 29 பேர் தேசியப் பட்டியலில் இருந்து. கட்சிக்கு வாக்கு விழுந்தால் மட்டும் போதாது, அந்தக் கட்சிக்குள்ளேயே விருப்பு வாக்கில் மற்றவரை முந்த வேண்டும்.

இலங்கையில் இப்படி யார் இருக்கிறார்கள்?

கிரிக்கெட்காரர்கள். அர்ஜுன ரணதுங்க 2001இல் பாராளுமன்றம் போய் பிறகு அமைச்சரானார். சனத் ஜயசூரிய 2010இல் மாத்தறையில் வென்றார், அப்போது அவர் விளையாட்டில் இருந்து முழுதாக ஓய்வு பெற்றிருக்கவே இல்லை. இந்தியாவில் 2012 ஒலிம்பிக் வெண்கலம் வென்ற சாய்னா நேவால் 2020இல் பாரதீய ஜனதாக் கட்சியில் சேர்ந்தார்.

மட்டக்களப்பில் ஒரு பூப்பந்து வீரர் அரசியலுக்கு வர முடியுமா?

மாவட்டத்துக்கு 5 ஆசனம். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு என்று மூன்று தொகுதியிலும் விருப்பு வாக்கு எடுக்க ஊர், உறவு, கோயில், பள்ளிவாசல், கட்சி எல்லாம் வேண்டும். பக்கத்து அம்பாறை மாவட்டத்தில் 7 ஆசனம், அங்கும் கணக்கு இதேதான். வெறும் விளையாட்டுப் புகழ் அதற்குப் போதாது என்று நினைக்கிறேன். உள்ளூராட்சி சபை வேறு. அங்கே வட்டாரம் சின்னது. தினமும் பின்னேரம் முப்பது பிள்ளைகளுக்கு ஒழுங்காகப் பழக்கும் ஒருவரை அந்த வட்டாரத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும்.

போய் என்ன செய்வார் என்பதுதான் எனக்கு முக்கியம். பூப்பந்து கூரைக்குள் ஆடும் ஆட்டம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் கோடு கீறி ஆடினால், பிள்ளை சரியாக அடித்த ஷட்டிலும் வெளியே போய் விழும், பிழையாக அடித்தது உள்ளே விழும். எது சரி என்று பிள்ளைக்கே தெரியாமல் போகும். இறகு ஷட்டிலில் 16 இறகு, எடை 5 கிராம் அளவு. ஒரு உக்கிரமான ஆட்டத்தில் இரண்டு மூன்று முறிந்துவிடும், அந்தச் செலவை ஏலாத குடும்பம் பிளாஸ்டிக்கில் பழகும், பிறகு மாகாணப் போட்டியில் இறகு ஷட்டிலைப் பார்த்துத் தடுமாறும். உயரமான கூரையும், காற்று வராத சுவரும், பக்கத்தில் இருந்து கண்ணைக் குத்தாத விளக்கும், பாடசாலை முடிந்தபின் திறந்து விடும் சாவியும் போதும். சாவி என்று சொன்னது பகிடிக்கு இல்லை. கட்டடம் இருந்து பூட்டிக் கிடப்பதை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம்.

படிப்பைக் குழப்பாதா?

சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது கிழமையில் ஆறு நாள் வந்தால் குழப்பும். இரண்டு நாள் வந்தால் குழப்பாது. பயிற்சியை நிறுத்தியவர்கள் எல்லாம் அந்த நேரத்தில் படித்தார்கள் என்றும் இல்லை, கைபேசி இருக்கிறதே.

அவருடைய எந்த ஆட்டத்தை முதலில் பார்க்கலாம்?

2005 அனஹைம் இறுதி. ஏதென்ஸ் இறுதியை விட இதுவே நல்லது, ஏனென்றால் எதிரே இருப்பவர் லின் டான். முதல் முறை சும்மா பாருங்கள். இரண்டாம் முறை ஷட்டிலை விட்டுவிட்டு தௌபீக்கின் கால்களை மட்டும் பாருங்கள், அவர் ஓடுவது போலவே தெரியாது. அதன் பிறகு 2006 டோஹா இறுதி, புதிய புள்ளி முறையில் இரண்டாம் செட்டின் கடைசிப் பகுதி. பின்கை ஸ்மாஷைப் பார்த்துவிட்டு அடுத்த நாளே அடிக்க வராதீர்கள். பின்மூலைக்குப் போய் தலையைச் சுற்றி முன்கையால் அடிக்கும் அடி தவறாமல் வரட்டும், பின்கையில் முதலில் எதிர்க் கோர்ட்டின் கடைசிக் கோடு வரை உயரமாக அனுப்பப் பழகுங்கள். அது பத்துக்கு எட்டு சரியாக விழுந்தால் ஸ்மாஷைப் பற்றிப் பேசலாம்.